வேகாதது

ஃபுர்னாஸ் பள்ளத்தாக்கில் காலை ஏழு மணிக்கு
நிலம் விடும் மூச்சில் கந்தகம்.
எதுவீனா மெதெய்ரோஸ்
சாக்கில் கட்டிய சோளக்கதிர்களைக்
கொதிக்கும் ஊற்றுக்குள் இறக்குகிறாள்.
கயிற்றின் மறுநுனி இரும்புக் கொக்கியில்.
"இடுப்புல கட்டிக்கிட்டவர் எங்க சித்தப்பா" என்கிறாள்.
மேற்கொண்டு சொல்லவில்லை.

அந்தக் கொக்கியை இரவல் வாங்கித்தான்
போன ஆண்டு என் குப்பியை இறக்கினேன்.
தொண்ணூற்றிரண்டு டிகிரி.
"வெறும் தண்ணியவா வேக வைக்கிற?"
"இல்ல, வேகாத ஒண்ணைத் தேடறேன்."
ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கதிரை நீட்டினாள்.
ஒன்றரை யூரோவை மறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

அவித்தால் அவிழும்.
முட்டையின் வெண்கருவுக்கு அதுதான் விதி.
ஜூனில், வழுக்கிய பாறையில்,
என் இடக்கை மூன்று நொடியில் கற்றதும் அதுவே.
மடிப்பு மடிப்பாய்ச் சுருண்டிருந்த இழை
அவிழ்ந்து, அடுத்ததோடு சிக்கி,
வெளுத்துக் கெட்டியாகிவிடும்.
பிறகு எந்தக் குளிரும் அதைத் திரும்ப மடிக்காது.

ஆனால் குப்பியின் அடியில், சாம்பல் நிறச் சேற்றில்
கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர்.
அதனிடம் ஒரு நொதி.
மாவுச்சத்தை நறுக்குவது தொழில்.
எதுவீனாவின் சாக்கிலிருந்து உதிரும் மணிகளே
அதன் சாப்பாடு என்று நினைக்கிறேன்;
நிரூபிக்கத்தான் முடியவில்லை.

பொன்தா தெல்காதாவில்
குளிர்காலம் முழுக்க அதன் உருவத்தை வரைந்தேன்.
வீரம் என்று எதுவும் இல்லை அங்கே.
வெளியே நீண்டு தொங்கும் கண்ணிகள் குறைவு.
தண்ணீரைப் பிடிக்காதவை உள்ளே,
கடைசிப் பேருந்தில் போல,
இடைவெளி விடாமல் நெருக்கி உட்கார்ந்திருந்தன.
மேற்பரப்பில் நேர்மின்னும் எதிர்மின்னும்
ஒன்றையொன்று பற்றிய உப்புப் பாலங்கள்.
ஒன்று அறுந்தாலும் பக்கத்தில் இன்னொன்று.
சின்னச் சின்னப் பிடிகள்.
எண்ணினேன்: நாற்பத்தொன்று.

இன்று இரண்டு கண்ணாடிக் குழாய்களோடு வந்தேன்.
இரண்டிலும் மாவுக் கரைசல், ஒரு சொட்டு அயோடின்,
ஏரியைவிட அடர்ந்த நீலம்.
ஒன்றில் மட்டும் நொதி.
"எதுல?"
"பார்த்தா தெரியாது. குளிர்ல அது வேலை செய்யாது.
இறுக்கிப் பிடிச்ச பிடி, லேசுல அசையாது."
"தூங்குதுன்னு சொல்லேன்."

சோளத்தோடு சோளமாய் இறக்கினாள்.
ஏறி வந்தபோது இரண்டுமே தண்ணீர்போல் தெளிந்திருந்தன.
"ரெண்டும் வெளுத்துப்போச்சு. ஏமாத்துற."
"சூட்டில நீலம் ஓடிப்போகும். ஆறட்டும்."

ஆறும்வரை நின்றோம்.
பனிமூட்டம் மாடுகளை ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டு வந்தது.
மார்ச்சோடு என் சம்பளம் நிற்கிறது என்றேன்.
அவள் உப்பு டப்பாவைக் குலுக்கினாள்.
ஒரு குழாயில் மெல்ல, அடியிலிருந்து,
நீலம் திரும்பி வந்தது.
மற்றதில் வரவே இல்லை.

"இதுதானா?"
"இதுதான். அவிழாம இருந்து நறுக்கியிருக்கு.
வெந்நீர்லதான் அதுக்கு வேகம்."
"எவ்வளவு நேரம் தாங்கும்?"
"மூணு மணி நேரத்தில பாதி அவிழ்ந்துடும்."
"அப்புறம்?"
"அந்த உயிர் புதுசா செஞ்சுக்கும்."
"அவ்வளவுதானா" என்றாள்,
பெரிதாக எதையோ எதிர்பார்த்தவள்போல.
பிறகு, அடுத்த சாக்கைக் கட்டிக்கொண்டே,
"அவ்வளவுதான்" என்று தனக்குத்தானே.

நீலத்தை எனக்கு விட்டுவிட்டுத்
தெளிந்ததை அவள் எடுத்துக்கொண்டாள்.
காசு டப்பாவுக்குப் பக்கத்தில்,
ஆவி பறக்கும் கதிர்களுக்கு நடுவே நிறுத்தினாள்.

வேனிலிருந்து இறங்கிய ஒருவர்
குழாயைக் காட்டி விலை கேட்டார்.
எதுவீனா தலையை ஆட்டினாள்:

"அது வேகலை."