தானாக நிற்க வேண்டும்

யூனியன் நிறுத்தத்தில் வார் அறுந்தது,
காலை ஏழு பத்துக்கு.
வெண்டைக்காய்ப் பொரியலும்
ஆகஸ்ட் மாதச் சம்பளப் பட்டியலும்
ஒன்றாகத் தரையில்.
பைக்கை நிறுத்திவிட்டு வந்து பொறுக்கித் தந்த
டெலிவரிப் பையன்
டப்பா மூடியை மட்டும் காணோம் என்றான்
தன் தப்பு மாதிரி.

அன்று முழுக்க மளிகைக்கடை பிளாஸ்டிக் பையோடு
அலுவலகத்தில் நடந்தேன். சரசரவென்று.
மாலையில் ஷார்ஜா திரும்பி
ரோலாவில் இறங்கி
அஷ்கரின் கடைக்குள் போனேன்.

"ஆபீஸுக்கா சேச்சி, ஊருக்குப் போறதுக்கா?"

இங்கே பைகளில் இரண்டே ஜாதி.
ஊருக்குப் போகும் பைக்குச் சக்கரம் உண்டு,
அதை நிறுத்துப் பார்க்கத் தராசு உண்டு,
வழியனுப்ப ஆள் உண்டு.
ஆபீஸ் பைக்கு
நான்தான் சக்கரம்.

முதலில் காட்டியது சிவப்பு, தங்க நிறக் கொக்கி.
அழகுதான்.
திறக்க இரண்டு கை கேட்டது.
பஸ்ஸில் எனக்கு ஒரு கைதான் சொந்தம்,
இன்னொன்று கம்பிக்கு.

அடுத்ததில் ஜிப் கத்தியது.
நாங்கள் ஆறு பேர் ஓர் அறையில்.
இரவு ஷிப்ட் முடித்து மாரிவிக்
ஐந்து மணிக்குத்தான் கண்ணை மூடுவாள்.
ஐந்தரைக்கு நான் கிளம்ப வேண்டும்.
ஆறு பேர் தூங்கும் அறையில்
ஜிப் சத்தம் என்பது
ஒருத்தியின் குணம்.

முதுகில் மாட்டுவதும் பார்த்தேன்.
இந்த மாதத்தில்
பைக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு குளம் கட்டும்.
வேண்டாம்.

கடைசியில் பிளாஸ்டிக் பையை அப்படியே
அவன் மேசையில் கவிழ்த்தேன்.
மூடியில்லாத டப்பா,
தண்ணீர் பாட்டில்,
வெயிலுக்குக் குடை,
பல்வலி மாத்திரை, மாற்றுச் செருப்பு,
ஸ்வெட்டர்:
வெளியே நாற்பத்தைந்து,
என் மேசைக்கு மேலே எப்போதும் பதினெட்டு.

"பை வாங்க வந்தீங்களா
குடித்தனம் வந்தீங்களா?"

"ஒன்றே ஒன்று," என்றேன்.
"கீழே வைத்தால் தானாக நிற்க வேண்டும்.
சாய்த்து வைக்க எனக்கு எங்கேயும் சுவர் இல்லை."

கட்டிலோரச் சுவர் கெஷியாவுக்கு, அவள் முதலில் வந்தவள்.

ஏணியில் ஏறினான்.
நனைந்த சிமெண்டு நிறத்தில் ஒன்றை இறக்கித்
தூசி தட்டினான்.
இரண்டு வருஷமாக யாரும் கேட்கவில்லையாம்.
நின்றது.
டப்பாவைப் போட்டேன், நின்றது.
டப்பாவை எடுத்தேன், அப்போதும்.
ஒரு விரலால் தள்ளினேன்
கொஞ்சம் யோசித்துவிட்டு
நின்றது.

"இதப் பாருங்க," என்று
உள்ளே ஒளிந்திருந்த அறையொன்றைத்
திறந்து மூடினான், சத்தமே இல்லாமல்.
"பாஸ்போர்ட்டுக்குன்னே வச்சிருக்கான்."

என் பாஸ்போர்ட்
என் நாற்காலிக்கு நேர் பின்னால்,
சாம்பல் நிற அலமாரியில், இரண்டாம் தட்டு.
இன்னும் நாற்பத்தொரு பேருடையதோடு.
எது எத்தனையாவது என்று தூக்கத்திலும் சொல்வேன்,
அந்தப் பட்டியலை அடித்ததே நான்.
சாவி ஹானி சாரிடம்.

அஷ்கரிடம் சொல்லவில்லை.
நல்ல வசதி, என்றேன்.
எல்லாருக்கும் இதைக் காட்டுவேன், என்றான்
கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.
அவன் கடை என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்,
அவன் அதில் நிற்கிறவன்.

எழுபத்தைந்து என்றான். ஐம்பது என்றேன்.
அறுபதில் இருவரும் களைத்தோம்.
இரண்டு வருஷம் உழைத்தால்
நாளொன்றுக்கு எட்டு ஃபில்ஸ் சொச்சம்.
கணக்கு பார்த்தே பழகிய கை, என்ன செய்ய.

காலை ஐந்தரை, இருட்டு.
போன் வெளிச்சத்தில் பையை நிரப்பினேன்.
அடியில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம்,
ஈரம் உறிஞ்சும் மணிகள்.
தின்னாதே என்று ஏழு மொழியில் எழுதியிருந்தது,
தமிழ் இல்லை.
எறியப் போனேன்.
பிறகு அந்த ரகசிய அறைக்குள் வைத்தேன்,
அளவு சரியாக இருந்தது.

ஜிப்பை இழுத்தேன்.
மாரிவிக் புரளக்கூட இல்லை.