நாற்பத்தெட்டு மணி நேர விலை

ஃபுஜைரா நங்கூரத் தளத்தில்
பதினேழு கப்பல்கள் விலை கேட்டு நிற்கின்றன.
நேற்றுவரை நூற்றுக்குக் கால்.
இரவு நீரிணையில் ஏதோ வெடித்ததாம்,
கண்டவர் இல்லை.
காலையில் முக்கால்.

இரும்பு, இயந்திரம், நங்கூரச் சங்கிலி
எல்லாம் சேர்த்து ஆறு கோடி டாலர்,
இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பு.
பெருக்கி அனுப்பினேன். லண்டன் தலையாட்டியது.
நாற்பத்தெட்டு மணி நேரம் செல்லும்,
அப்புறம் வேறு விலை.

அந்தக் கப்பலின் சமையற்கட்டிலிருந்து ஃபோன்:
மணப்பாட்டு சூசைராயன், செகண்ட் குக்.
"அண்ணே, ரேட் ஏறிடுச்சா?"
ஏறிவிட்டது என்றேன், குரலைத் தாழ்த்தி.
"அப்பாடா. அப்ப இந்தத் தடவ
டபுள் சம்பளம் உண்டு."

வெங்காயம் வதங்கும் சத்தம்.
கடக்க எத்தனை நாள் என்றேன்.
"ரெண்டு. மெதுவாப் போனா மூணு.
மெதுவாப் போகச் சொல்லுங்கண்ணே."