செக்கிங்

களுவாஞ்சிக்குடியில்
சின்னம்மா வீட்டு முன்னறை.
பயணப்பையை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை.
மேலே உடுப்பு. அடியில் பைல்.
பைலுக்குள் பி.காம்., முதல் வகுப்பு,
ஊதா மையில்
யாரோ அவசரமாகப் போட்ட கையெழுத்து.

'திரும்பி வந்த பிள்ளை' என்கிறார்கள்.
திரும்பி வர
நான் எப்போது இங்கிருந்து போனேன்?
போனது அம்மா. படகில் வாந்தியெடுத்தது அம்மா.
நான் முகாமில் பிறந்தேன், தகரத்தின் கீழ்,
பெயருக்கு முன்பே ஓர் எண்ணோடு.
ஆகவே வந்தவள்தான் நான்,
இருபத்தாறு வயதில்,
முதல் தடவையாக.

மட்டக்களப்பு டவுனில் லீசிங் கொம்பனி.
ரை கட்டிய ஒரு தம்பி
சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இது இஞ்ச செல்லுமா மிஸ்?
கொழும்புக்கு அனுப்பி உறுதிப்படுத்தோணும்.
சிங்களம்?"
"கத்துக்கிறேன் சார்."
பக்கத்து மேசையில் யாரோ
அந்தக் 'கத்துக்கிறேனை'
மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள்.
அங்கே பள்ளிக்கூடத்தில்
'ஓம்' என்றதற்குச் சிரித்தார்கள்.

கல்முனைப் புடவைக்கடையில் ஆள் எடுத்தாயிற்று.
டியூட்டரியில்
பிள்ளைகள் சேர்ந்தால் சம்பளமாம்.
அடையாள அட்டை வரட்டும் பிறகு பாப்பம் என்றார் ஜீ.எஸ்.
"நல்ல வேலையெண்டா கவர்மெண்ட் வேலை,
பென்சன் இருக்கோணும்," என்றார் சின்னப்பா,
மீன் முள்ளை எடுத்தபடி.
சின்னம்மா ஒன்றும் சொல்லவில்லை.
காலையில் பைலுக்குள்
பஸ்சுக்குக் காசு இருந்தது.

பங்குனி. மாரி வெள்ளாமை வெட்டி
லொறிகள் சம்மாந்துறை ரோட்டை
அடைத்துக்கொண்டு நின்றன.
ஆலையில் ஆதம்லெவ்வை ஹாஜியார்
பைலைத் திறக்கவேயில்லை.
"அவணமெண்டா எத்தின மரைக்கால், தெரியுமா புள்ள?"
தெரியாது.
"அத மறுகா படிக்கலாம்."
கம்பியில் குத்திய துண்டுக் கட்டைத் தள்ளினார்.
"போன கிழமை ஏழு மூடை காணல்ல.
நெல்லு நடந்து போகாது. பாருங்க."

பகல் முழுக்கத் தவிடு பறந்தது,
இமையில், நாக்கில், கூட்டல் கோட்டின் மேல்.
ஒன்பதும் ஏழும் பதினாறு என்று
நான் வாய்விட்டுச் சொன்னபோது
ஒருவரும் சிரிக்கவில்லை.
அசருக்குப் பாங்கு சொல்லும் நேரம்
கண்டுபிடித்தேன்:
ஒரே துண்டை இரண்டு தரம் பதிந்திருந்தார்கள்.
"காணாமப் போகல ஹாஜியார்.
அந்த ஏழு மூடை வரவே இல்ல."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நாளைக்கு எட்டுக்கு வாங்க."

எட்டுக்கு மணி.
"வரவு!" என்று கத்தினார்
மேற்பார்வை நல்லரெத்தினம் அண்ணன்.
காயப்போடும் முற்றத்தில் ஆட்கள் வரிசையானார்கள்.
என் கால்கள் தானாகப் போய்
வரிசைக் கடைசியில் நின்றன.
கை, இல்லாத அட்டையைத் தேடியது.
மாதம் ஒரு செக்கிங்.
காய்ச்சல் என்றாலும், கூலி போனாலும்
வெயிலில் நின்று
அதிகாரி வாயில் நம் பெயர்
பிழையாக வரும்வரை காத்திருந்த
கால்கள் அவை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
அண்ணன் நடந்து வந்து கொப்பியை நீட்டினார்.
"நீங்க இதில நிக்கப்படாது கிளி.
நீங்கதான் எழுதோணும்."

எழுதினேன்.
முகைதீன்வாவா. யோகம்மா. சித்திரவேல்.
றம்சியாவுக்கு எந்த 'ற' என்று கேட்டேன்.
இவ்வளவு நாளும் யாரும் கேட்டதில்லையாம்;
சிரித்து, முந்தானையால் வாயை மூடினாள்.
முப்பத்தொரு பேர்.
இரண்டு தரம் எண்ணினேன்,
ஒருவரையும் வெயிலில் நிறுத்தி வைக்காமல்.

இரவு அம்மா போனில்.
"நல்ல வேலையா?"
பென்சன் இல்லை.
சம்பளத்தைச் சின்னப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.
தலைமயிரில் உமி.
என்ன சொல்ல என்று பார்த்துக்கொண்டிருந்தபோது
சுவரில் கலண்டர் தெரிந்தது.
"அம்மா, நாளைக்கு உங்களுக்குச் செக்கிங்தானே.
நேரத்தோட தூங்கு.
குடை கொண்டு போ."