சாணும் முழமும்

பிளாக் ரிவர் கரை மீறிய பதினோராம் நாள்
தண்ணீர் வடிந்தது.
இன்னும் ஏழு நாள் பொறு என்கிறது
எங்கள் காப்பீட்டு விதிப்புத்தகம்.
செத்ததும் பிழைத்ததும்
உடனே பார்த்தால் ஒரே நிறம்.

எட்டாம் நாள்
போகஹாண்டஸுக்குக் கிழக்கே
வெண்டல் கிரட்ச்ஃபீல்டின் நெல்வயலில் இறங்கினேன்.
தொடைவரை ரப்பர் பூட்ஸ்,
ஒரு கம்பி வளையம், உறைக்குள் படிவம்.
வரப்பில் யாருடைய தபால்பெட்டியோ
வாய் திறந்து கிடந்தது, உள்ளே வண்டல்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்போம்.
மனிதருக்கு அது சரி.

முழம் மூழ்கிய தாழ்ந்த மூலையில்
காற்றைத் தேடி நீண்டிருக்கிறது பயிர்.
கலங்கல் நீரில் வெயில் இறங்கவில்லை;
அடித்தண்டில் சேர்த்த சர்க்கரையெல்லாம்
உயரத்துக்கே செலவு.
எட்டியும் இருக்கும் சில.
தண்ணீர் போனதும் நிற்கத் தெம்பில்லை,
நனைந்த காகித நாடாவாகச் சேற்றில்.

சாண் மேட்டில், நுனி ஒன்று வெளியே தப்பியவை
அந்த நுனி வழியாகவே
வேர்வரை மூச்சு இறக்கியிருக்கின்றன.
அவற்றின் இடையே
நீளவும் இல்லாமல் அழுகவும் இல்லாமல்
வெள்ளம் வந்த அன்றிருந்த உயரத்திலேயே சில.
அவை என்ன கணக்குப் போட்டனவோ.

வளையத்தை எறிவேன். விழுந்த இடத்தில் குனிவேன்.
பிடுங்கி, கட்டைவிரல் நகத்தால்
தூரைப் பிளப்பேன்.
பழுப்புக் கூழ்: கோடு போடு.
வெள்ளையாய், கெட்டியாய், குருத்து: எண்ணு.

"செத்திருந்தால் நல்லது, மேடம்"
என்றார் வெண்டல், தொப்பியைக் கழற்றாமல்.
மறுவிதைப்புக்கான மூட்டைகள்
டிரெய்லரில் ஏறியாயிற்று.
செத்தால் பணம் வரும்.
பாதி பிழைத்தால்
பாதி விளைச்சல், முழுக் கடன்.

கடைசி வளையத்தில் ஒன்பது வெள்ளை.
கூட்டிப் பார்த்தேன். வகுத்தேன். மறுபடி வகுத்தேன்.
கோட்டுக்கு மயிரிழை மேலே.
"உயிரோடு இருக்கிறது" என்றேன்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அவர் வெகுநேரம் வயலையே பார்த்தார்.
"பிடிவாதம் பிடித்த சனியன்கள்" என்றார்.
திட்டியது போலவும் இருந்தது,
வேறு மாதிரியும் இருந்தது.

பிக்கப்பில் உட்கார்ந்து கையெழுத்திட்டேன்.
விரல்நகத்தில் பச்சை வாசனை.
பதினோரு நாள் வெள்ளத்துக்குத் தப்பி
நான் பிளந்து பார்த்ததில் செத்தவை
எழுபத்து மூன்று.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.