உறைதல்

திங்கட்கிழமைக் கப்பலில்
மீன்பெட்டிகளுக்கும் தபால் பைகளுக்கும் நடுவே
என் மலமும் தோர்ஷாவனுக்குப் போகிறது.
வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, உள்ளே உலர்பனி,
மேலே பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் எண்.
சரக்கேற்றும் எய்போர்ன்
மாதம் தவறாமல் கேட்கிறான்:
கேக்கா?
ஆமாம், குலுக்காதே என்கிறேன்.

ரன்வாவும் நானும் ஒரே வயிற்றிலிருந்து
பதினொரு நிமிட இடைவெளியில் இறங்கியவர்கள்.
சுன்வா, ரன்வா. முதலெழுத்து மட்டும்தான் வேறு.
ஒரே பால், ஒரே வாரத்தில் அம்மை,
ஒரே கடைவாய்ப்பல்லில் சொத்தை.
இருபத்திரண்டாம் வயதில்
அவள் குடல் மட்டும்
தன் கூரைக்குத் தானே தீ வைத்துக்கொண்டது.
ஒரு நாளில் பதினாறு முறை.
ரத்தம்.
கோபன்ஹேகனில் அவளுக்கு
ரயில் நிலையங்களின் பெயர்கள் தெரியாது,
எதெதில் கழிப்பறை திறந்திருக்கும் என்று தெரியும்.

எங்கள் தீவுகளில் இந்த நோய் அதிகமாம்.
எங்கள் தெருவிலேயே நாலு பேர்.
காற்றா, மீனா, ரத்தமா, நாங்கள் உண்ணாமல் விட்ட எதுவோவா,
யாருக்கும் தெரியவில்லை.
செவிலியர் போவுல் தாளில் படம் வரைந்தார்:
குடலின் சளிப்படலத்தை ஒட்டி உறைபவர்கள்
கோடிக்கணக்கில்.
அவர்களில் சில குலங்கள் காணாமல் போனால்
படலம் மெலிகிறது,
காவல்காரனுக்குக் கண் மண் தெரிவதில்லை,
அண்டை வீட்டாரையும் அடிக்கிறான்.
அவர்கள் போனதால் நோயா,
நோய் வந்ததால் போனார்களா?
போவுல் பேனாவை மூடினார்.
அதைத்தான் உன் பெட்டியில் தேடுகிறோம்.

எனக்கு இன்னும் வரவில்லை.
வராமலிருக்கத்தான் இந்த மாத்திரை,
காலையில் ஒன்று, ஓராண்டுக்கு.
உறைக்குள் இருப்பது ஆயிரம் கோடி உயிர்
அல்லது வெறும் சோளமாவு.
விழுங்கும் எனக்கும் தெரியக்கூடாது,
கொடுக்கும் போவுலுக்கும் தெரியக்கூடாது.
டென்மார்க்கில் ஒரு கணினிக்கு மட்டும் தெரியும்.

ஏழாம் மாதம், பிப்ரவரி,
ரன்வாவின் பெருங்குடலை எடுத்துவிட்ட அன்றிரவு
காற்று கப்பலை நிறுத்திவிட்டது.
நான் போக முடியவில்லை.
சமையலறையில் இரண்டு கோப்பைப் பாலை
வெதுவெதுப்பாகச் சுடவைத்தேன்.
ஒன்றில் மாத்திரையைப் பிரித்துக் கொட்டினேன்.
மற்றதில் எதுவும் இல்லை.
இரண்டையும் ஹீட்டர் மேல் வைத்துத்
துணியால் மூடினேன்.
உறைந்தால் உயிர், உறையாவிட்டால் மாவு.
ஓர் இரவுக்காவது எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

விடிந்ததும் பார்த்தேன்.
இரண்டுமே திரிந்திருந்தன.
ஒன்று கொஞ்சம் கட்டியாக,
ஒன்று கொஞ்சம் நாற்றமாக.
எதில் கொட்டினேன் என்று
அடையாளம் வைக்க மறந்திருந்தேன்.

போவுலிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.
படிவத்தில் "ஒரு வேளை தவறியது" என்று எழுதிக்கொண்டு,
அந்த இனங்களில் சில பாலைச் சீண்டுவதே இல்லை என்றார்,
அடையாளம் வைத்திருந்தாலும்
உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

மருத்துவமனையிலிருந்து ரன்வா பேசினாள்.
வயிற்றில் பை ஒட்டியிருக்கிறதாம்.
ஏழாண்டில் முதல்முறையாக
இரவு முழுக்கத் தூங்கினாளாம்.
கோப்பைக் கதையைச் சொன்னதும்
தையல் வலிக்கச் சிரித்தாள்,
சிரித்து முடித்து
மெதுவாகக் கேட்டாள்:
அதில் நான் எந்தக் கோப்பை?

இங்கே மழை ஜன்னலில் கிடைமட்டமாக அடித்தது.
தெரியவில்லை என்றேன்.
இரண்டையும் கழுவிவிட்டேன் என்றேன்.

இன்று மறுபடி திங்கள்.
காலையில் தண்ணீரோடு ஒன்றை விழுங்கினேன்,
உள்ளே யாராவது இருந்தால்
கதவு திறந்துதான் இருக்கிறது என்று
சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டு.
மாவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.
எய்போர்ன் பெட்டியைத் தோளில் ஏற்றினான்.
இந்த முறை என்ன கேக் என்றான்.
சொல்லிவிட்டேன்.
தோளிலிருந்து இறக்கவில்லை அவன்,
சற்று நின்று,
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
மேடேறினான்.