கடுப்பு

சென்னையில் இந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம்.
கத்திப்பாராவில் வந்து நின்ற பிறகு
சவாரி கேன்சல் ஆனால் வருவது ஒன்று.
மற்றதை,
சீட்டு எழுதுகிறவர் ஆம்பளையாக இருந்தால்
வயிற்றுவலி என்று சொல்லிவிடுவோம்.

காலை ஆறுக்கு அரை டம்ளர் காபி.
ஆலந்தூர் தாண்டினால்
பாட்டில் மூடியில் அளந்து ஒரு வாய்த் தண்ணீர்,
மருந்து மாதிரி.
அக்னி நட்சத்திரம், பதினோராம் நாள்.
என் ஆட்டோ சீட்டில் தோசை வார்க்கலாம்.
ஒன்பது வருஷமாக ஓட்டுகிறேன்,
இந்த ஊர் எனக்கு வேறு மாதிரி மனப்பாடம்:
எந்த பங்க்கில் சாவி தருவார்கள்,
எந்த மண்டபத்தில் முகூர்த்த நாளில்
யாரென்று கேட்கமாட்டார்கள்,
எங்கே தாழ்ப்பாள் கிடையாது, இருமிக்கொண்டே இருக்க வேண்டும்.
வேளச்சேரியில் ஒரு தகரப் பெட்டி
மூன்று நாணயம் விழுங்கிப் பச்சை விளக்குக் காட்டியது.
கதவு திறக்கவில்லை.
பாலத்தடியில் சாமி படம் பதித்த சுவரில்
சாமிக்கும் சாமிக்கும் நடுவே இடம் பார்த்துத்
திரும்பி நிற்கிறார்கள் எங்கள் ஸ்டாண்டு அண்ணன்மார்.

முதலில் சூடு என்றுதான் நினைத்தேன்.
நீர்மோர், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய்.
பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை.
போனால் நாலு சொட்டு.
நாலும் மிளகாய்.
குரோம்பேட்டை சிக்னலில் நூற்றிருபது நொடி
ஒவ்வொன்றாக எண்ணினேன்.
பின்சீட்டில் கிரிக்கெட் பார்த்தபடி ஒருவர்
"ஏசி பஸ்லயே போயிருக்கலாம்" என்றார்.

மெடிக்கலில் இளஞ்சிவப்பு சிரப் தந்தான்.
எரிச்சல் தணிந்தது. நோய் தூங்கியது, அவ்வளவுதான்.
மூன்றாம் இரவு குளிர் ஜுரம்,
இடுப்புக்கு மேலே முதுகில்
யாரோ ஸ்பேனர் வைத்துத் திருகினார்கள்.

மாநகராட்சி ஆஸ்பத்திரி. டோக்கன் நாற்பத்தேழு.
"ஜெபக்கனி யாரு?"
டாக்டருக்கு என் தங்கை வயசிருக்கும்.
நாள் தள்ளிப்போயிருக்கா, சர்க்கரை இருக்கா,
வாந்தி வருதா,
எவ்வளவு நேரம் அடக்குவீங்க?
கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டேன் போல,
நிமிர்ந்து பார்த்தார்.

"நமக்கு அந்தக் குழாயே சின்னது.
சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
பின்னால இருக்கிற கிருமிக்கு அடுத்த வீடு மாதிரி.
ஓடாமத் தேங்கினா குடிவந்துடும்.
இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லைம்மா."
ஒண்ணுக்குத்தானே டாக்டர் வெட்கம் எல்லாம்.

மூடி போட்ட டப்பா கொடுத்து
முதலில் வருவதை விட்டு
நடுவில் பிடிக்கச் சொன்னாள் லேப் பெண்.
நாலு சொட்டில் எது நடு?

கிருமியை வளர்த்து
எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க மூன்று நாளாம்.
"அதுவரை இதைப் போடுங்க.
எரிச்சல் போனதும் நிறுத்திடாதீங்க.
நாளைக்கும் ஜுரம் இறங்கலேன்னா பெரிய ஆஸ்பத்திரி.
கழுவறது முன்னாலிருந்து பின்னால.
வீட்டுக்காரரோட இருந்தா உடனே போயிட்டு வந்துடுங்க.
தண்ணி குடிங்க. அடக்காதீங்க."
மேசை மேல் அவருடைய தண்ணீர் பாட்டில்.
மணி ஒன்று. சீல் உடையவில்லை.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பத்து நாள், கடைசி மாத்திரை வரை.

பதினோராம் நாள்
சோழிங்கநல்லூரில் ஏறினாள்
கழுத்துப் பட்டையைக் கழற்ற மறந்த ஒரு பெண்.
துரைப்பாக்கம் பங்க்கில் ஓரங்கட்டினேன்.
"வெயிட்டிங் போடமாட்டேன்மா.
ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்."
சத்தமாகவே வந்துவிட்டது.
பெட்ரோல் பிடித்துக்கொண்டே பவளக்கொடி
சாவியை எறிந்தாள்,
தொலையாமலிருக்கப் பழைய பிரேக் லிவரில் கட்டிய சாவி.

வலிக்கவில்லை.
எவ்வளவு நேரம் போனது தெரியுமா,
குழாயை மூட மறந்த வீட்டில் போல.

வெளியே வந்தால் ஆட்டோவில் ஆள் இல்லை.
கதவுக்குப் பக்கத்தில்
காலை மாற்றி மாற்றி நிற்கிறாள்.
"காலையிலேர்ந்து" என்றாள்,
கையை நீட்டினாள் சாவிக்கு.

டேஷ்போர்டில் செல்போன்
இரண்டாவது தடவையாகக் கேட்கிறது:
வண்டி ஏன் நகரவில்லை?