வினைமுற்று

மஞ்சக்குப்பம் ஆயுதப்படை மைதானம்,
காலை ஆறு பத்து.
காவலர் தேசிங்கு ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோது
பிஸ்டல் உறை பெஞ்சில் இடித்து
என்று அடித்துவிட்டு
நிறுத்திவிட்டேன்.
இங்கே ஒரு வினைச்சொல் வேண்டும்.

'வெடித்தது' என்றால் தேசிங்கு வீட்டுக்குப் போவார்.
'வெடிக்கச் செய்தார்' என்றாலும் வீட்டுக்குத்தான் போவார்,
சம்பளமில்லாமல்.

தோட்டா அவருடைய இடது குதிகாலைத் துளைத்து
பெஞ்சுக்கடியில் யாரோ கொண்டுவந்து வைத்திருந்த
பண்ருட்டிப் பலாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.
சான்றுப் பொருள் இரண்டு:
பலா ஒன்று, பதினோரு கிலோ, ஒரு பக்கம் ஓட்டை.
காயாகத்தான் அரக்கு வைத்துப் பூட்டினோம்.
ஐந்தாம் நாள் பழுத்தது.
பிறகு விசாரணை முழுக்க அந்த வாசனையில் நடந்தது.
சிப்காட் காற்று இந்தப் பக்கம் திரும்பிய நாளில்கூட
பலாதான் ஜெயித்தது.

ஆயுதக்கிடங்கு கோதண்டபாணி சொன்னார்:
"இருபத்தாறு வருஷமா எண்ணெய் போடுறேன்.
தானா வெடிச்ச துப்பாக்கியைப் பார்த்ததில்லை.
தானா வெடிச்சதுன்னு சொன்ன ஆளுங்களைப் பார்த்திருக்கேன்.
உறை நழுவியிருக்கும், சரிசெய்யக் கை போயிருக்கும்,
கையோட விரலும் போகும்ல?"

தடய அறிவியல் மெஹருன்னிசா
அவர் முடிக்கும்வரை காத்திருந்து
நகக்கண் அளவு ஸ்பிரிங் ஒன்றை மேசைமேல் வைத்தார்.
"இது எத்தனை வருஷம் தாங்கும்னு
செஞ்சவங்களே எழுதலை.
வெளியில ஒரு பூட்டுகூட இல்லாத சாமானை
இடுப்புல கட்டிவிட்டு
குனியாதேன்னு சொன்னா
கோளாறு குனிஞ்சவன்கிட்டயா?"

கம்பெனியிலிருந்து வழவழப்பான தாளில் கடிதம்:
அனைத்துச் சோதனைகளிலும் தேறியது.
பயன்படுத்துவோர் முறையான பயிற்சி பெற்றிருத்தல் அவசியம்.
தேசிங்கின் பயிற்சிப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன்.
கடைசியாகச் சுட்டது கேப்பர் மலையில்,
நான்கு வருஷத்துக்கு முன்,
ஐந்து ரவுண்டு.
மழை வந்து மூன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

மருந்து எடுத்த குண்டைப் போட்டு
ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து
சிமெண்டுத் தரையில் விட்டுப் பார்த்தார்கள்.
முதல் தடவை சும்மா விழுந்தது.
இரண்டாம் தடவையும்.
மூன்றாவதில் 'டப்'.

தேசிங்கிடமும் மூன்று தடவை கேட்டார்கள்.
"விரல் வைக்கலை சார்."
"வைக்கலைன்னுதான் நினைக்கிறேன் சார்."
பிறகு ஊன்றுகோலை
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு,
"வெச்சிருந்தா வெச்சிருப்பேன் சார்."

இரண்டையும் ஒரே பக்கத்தில்தான் அடித்தேன்.
யாரும் சேர்த்துப் படித்ததாகத் தெரியவில்லை.

உடைந்தது, உடைத்தது.
சாய்ந்தது, சாய்த்தது.
ஒரு மெய்யெழுத்துதான் நடுவில் நிற்கிறது.
என் மகள் எழுதப் படிக்கும் முன்பே அதைக் கற்றுக்கொண்டாள்:
"டம்ளர் உடைஞ்சிருச்சும்மா",
டம்ளரே யோசித்து எடுத்த முடிவுபோல.
நான் மட்டும் என்ன?
பால் பொங்கிருச்சு, சாவி தொலைஞ்சிருச்சு,
திருப்பாதிரிப்புலியூர் பஸ் போயிருச்சு.

'விசை இழுபட்டது' என்று அடித்துக் கொடுத்தேன்.
பச்சை மையில் திரும்பி வந்தது:
விசை தன்னைத்தானே இழுத்துக்கொள்ளுமா?
ஸ்பிரிங்கைப் பற்றிய பத்தி
பின்னிணைப்புக்குப் போனது.
'கவனக்குறைவால் விசையை இழுத்துள்ளார்.'
தேசிங்கு படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.
பேனா மூடியைச் சரியாக மூடி,
கிளிக் கேட்கிறதா என்று இரண்டு முறை பார்த்து,
என்னிடம் கொடுத்தார்.

கடைசிப் பக்கம், சான்றுப் பொருள் இரண்டு:
கொட்டையிலிருந்து தோட்டா எடுக்கப்பட்டது.
சுளைகள் அழிக்கப்பட்டன.
இந்த வினைச்சொல்லை மட்டும் யாரும் திருத்தவில்லை.
அன்றைக்கு எல்லார் விரலிலும் பிசின்.

விசைப்பலகையிலும்.
எத்தனை துடைத்தும் 'ர' பிடித்துக்கொள்கிறது.
தொடாமலே சில சமயம் விழுகிறது.
நான் தொடவில்லை
என்றுதான் நினைக்கிறேன்.